பேந்தரின் பல்சக்கரம்: ஜெர்மன் டாங்கிகளை எதை வைத்து எடைபோடுவது?

1940 மே 16 அன்று, வடகிழக்கு பிரான்சில் உள்ள ஸ்டோன் என்ற சிற்றூருக்குள் ஒரு பிரெஞ்சு டாங்கி நுழைந்தது. ‘யூர்’ என்று பெயர் சூட்டப்பட்டிருந்த அந்த ஷார் பி1 வகை டாங்கிக்குத் தலைவராக இருந்தவர் கேப்டன் பியர் பியோட். தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்த ஜெர்மன் டாங்கி வரிசையின் தலையையும் வாலையும் முதலில் அடித்து வழியை அடைத்துவிட்டு, நடுவில் மாட்டிக்கொண்டவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டார். பதின்மூன்று ஜெர்மன் டாங்கிகள் அழிந்தன. திரும்பி வந்த அவருடைய டாங்கியின் மேல் 140 குண்டுகள் பட்ட தடம் இருந்தது. ஒன்றுகூட உள்ளே நுழைந்திருக்கவில்லை. ஆறு வாரம் முடிவதற்குள் பிரான்ஸ் தோற்றுவிட்டது.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளில் எது சிறந்தது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், அது பெரும்பாலும் பள்ளிப் பருவத்து ட்ரம்ப் கார்டு விளையாட்டைப் போலத்தான் நடக்கிறது. ஒருவர் டைகரின் 88 மி.மீ. பீரங்கியை இறக்குவார், இன்னொருவர் பேந்தரின் சரிந்த கவசத்தை இறக்குவார், யாருடைய எண் பெரிதோ அவர் சீட்டை அள்ளிக்கொள்வார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 1940இன் போரை ஷார் பி1தான் வென்றிருக்க வேண்டும். அப்போது ஜெர்மனி மேற்கே இறக்கிய சுமார் 2,450 டாங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, வெறும் இயந்திரத் துப்பாக்கிகளை ஏந்திய பான்ஸர் 1, 20 மி.மீ. குழல் பொருத்திய பான்ஸர் 2 ஆகிய சிறு வண்டிகள்தான். டாங்கி என்று மதிக்கத்தக்க பான்ஸர் 3, பான்ஸர் 4 இரண்டையும் கூட்டினாலும் 630 அளவிலேயே நின்றது.

ஆனால் ஷார் பி1இன் சுழல்கோபுரத்துக்குள் ஒரே ஆள்தான் உட்கார முடியும். வெளியே பார்ப்பது, எங்கே போவது என்று முடிவெடுப்பது, 47 மி.மீ. பீரங்கியில் குண்டை நிரப்புவது, குறிபார்ப்பது, சுடுவது எல்லாம் அந்த ஒருவர் தலையில். பியோட் போன்ற ஒருவர் அதைச் செய்துகாட்டினார். எல்லோரும் பியோட் இல்லையே. பான்ஸர் 3இன் கோபுரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் குண்டை நிரப்ப, ஒருவர் குறிபார்த்துச் சுட, தலைவருக்குச் சுற்றும் முற்றும் பார்த்து முடிவெடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கூடவே வானொலியும் இருந்தது. பல பிரெஞ்சு டாங்கிகளில் அது கிடையாது என்பதால், பக்கத்து டாங்கிக்குச் சேதி சொல்லவே கொடியைக் காட்ட வேண்டியிருந்தது. ஜெர்மன் வடிவமைப்பின் மிகப் பெரிய சிறப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இந்த ஆள் பங்கீட்டைத்தான் சொல்வேன். பின்னாளில் வந்த தடித்த கவசமோ நீண்ட பீரங்கியோ அதற்கு அடுத்ததுதான். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கப்படுவதில்லை.

முதலில் போட்ட திட்டத்தின்படி, எதிரி டாங்கிகளை அடிப்பது பான்ஸர் 3இன் வேலை; காலாட்படைக்குத் துணையாகக் குட்டைக் குழல் கொண்ட 75 மி.மீ. பீரங்கியால் பதுங்குகுழிகளையும் துப்பாக்கி மேடைகளையும் உடைப்பது பான்ஸர் 4இன் வேலை. இரண்டு ஆண்டுப் போரில் இந்த உறவு தலைகீழாக மாறியது. காரணம் சாதாரணமானது. கோபுரம் உட்கார்ந்து சுழலும் வளையத்தின் அகலம் பான்ஸர் 4இல் சற்று அதிகம். ரஷ்ய டி-34 டாங்கியை எதிர்கொள்ள நீண்ட 75 மி.மீ. பீரங்கி தேவைப்பட்டபோது, அதன் பின்னுதைப்பையும் நீளமான குண்டுகளையும் பான்ஸர் 3இன் கோபுரத்துக்குள் அடக்க முடியவில்லை; பான்ஸர் 4இல் முடிந்தது. 1942 மார்ச் முதல் நீண்ட குழலோடு வந்த பான்ஸர் 4, வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையினரை ‘மார்க் 4 ஸ்பெஷல்’ என்று தனிப்பெயர் வைக்கும் அளவுக்குக் கலங்கடித்தது. கைவிடப்பட்ட அந்தக் குட்டைப் பீரங்கியோ கடைசிக்காலப் பான்ஸர் 3க்குப் போய்ச் சேர்ந்தது.

1930களின் நடுப்பகுதியில் 18 டன் எடையில் பிறந்த பான்ஸர் 4, 1943இல் 25 டன்னைத் தொட்டது. முன்பக்க உடலில் 80 மி.மீ. கவசம் ஏறியபோதும், கோபுரத்தின் முகம் 50 மி.மீ. அளவிலேயே நின்றுவிட்டது, அதற்கு மேல் கனம் ஏற்றினால் முன்சக்கர வில்தகடுகள் தாங்காது. ஆகவே பான்ஸர் 4 எதிரியை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே துளைக்கும், எதிரியின் சாதாரணக் குண்டும் அதன் கோபுரத்தைத் துளைக்கும் என்ற சமநிலையில்தான் அதன் குழுவினர் போரிட்டார்கள். 1944இல் வந்த கடைசி வகையில் கோபுரத்தைச் சுழற்றும் மின்மோட்டாரையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு எரிபொருள் தொட்டியை வைத்தார்கள். வண்டி கூடுதல் தூரம் ஓடியது. ஆனால் கோபுரத்தைத் திருப்ப, பீரங்கியைச் சுடும் கன்னர் கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வண்டி சரிவில் சாய்ந்து நின்றால் அந்தக் கோபுரத்தின் முழு எடையும் அவர் தோளுக்கு வந்தது. சுமார் 8,500 செய்யப்பட்ட இந்த வண்டிதான் போரின் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஜெர்மனி விடாமல் தயாரித்த ஒரே டாங்கி.

பேந்தரின் கதை 1941 அக்டோபரில், மாஸ்கோவுக்குத் தெற்கே ம்ட்சென்ஸ்க் அருகில் தொடங்குகிறது என்று சொல்லலாம். அங்கே சோவியத் தளபதி கட்டுகோவின் டாங்கி பிரிகேடிடம் ஜெர்மன் 4வது பான்ஸர் டிவிஷன் வாங்கிய அடி, சரிந்த கவசமும் அகலமான சங்கிலிப் பட்டையும் நல்ல பீரங்கியும் ஒரே வண்டியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி குடேரியன் கேட்டுக்கொண்டபடி, நவம்பரில் ஒரு குழு வந்து கைப்பற்றப்பட்ட டி-34ஐ ஆராய்ந்தது. டைம்லர்-பென்ஸ், எம்.ஏ.என். இரண்டு நிறுவனங்களும் வரைபடம் கொடுத்தன. டைம்லர்-பென்ஸின் வரைபடம் ஏறக்குறைய டி-34இன் நகல் போலவே இருந்தது. 1942 மேயில் தேர்வானது எம்.ஏ.என். வடிவம். 1943 ஜனவரியில் தயாரிப்பு தொடங்கிவிட்டது. வரைபலகையிலிருந்து தொழிற்சாலைக்கு இவ்வளவு வேகமாக ஒரு புது டாங்கி வருவதே வியப்புதான். அந்த வேகத்துக்கான விலையைப் பின்னால் கொடுத்தார்கள்.

காகிதத்தில் பேந்தருக்கு நிகர் அந்த ஆண்டில் வேறில்லை. அதன் 75 மி.மீ. பீரங்கி, டைகரின் 88 மி.மீ. பீரங்கியைவிட வாயளவில் சிறியது. ஆனால் குழல் நீளமாகவும் வெடிமருந்துக் கூடு பெரிதாகவும் இருந்ததால் குண்டு விநாடிக்கு 900 மீட்டருக்கும் மேலான வேகத்தில் புறப்பட்டு, வழக்கமான தூரங்களில் டைகரின் குண்டைவிடத் தடித்த தகட்டைத் துளைத்தது. முன்பக்கத்தில் 80 மி.மீ. தகடு, செங்குத்திலிருந்து 55 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது; நேரே வரும் குண்டு அதைக் கடக்க ஏறத்தாழ 140 மி.மீ. எஃகைத் தாண்ட வேண்டும். இந்தப் பாதுகாப்பு முன்னால் மட்டும்தான். உடலின் பக்கவாட்டுக் கீழ்த்தகடு 40 மி.மீ. மட்டுமே. ரஷ்யக் காலாட்படையின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிக்கே அது இடம் கொடுத்துவிடும் என்று பயந்து, மெல்லிய தகடுகளைப் பாவாடை போலத் தொங்கவிட்டார்கள்.

1943 ஜூலை 5 அன்று குர்ஸ்க் போர் தொடங்கியபோது இரண்டு பட்டாலியன்களில் 200 பேந்தர்கள் களத்துக்கு வந்தன. ரயிலிலிருந்து இறங்கி முன்னணிக்குப் போகும் வழியிலேயே இரண்டு தீப்பற்றி எரிந்தன. ஜூலை 10 மாலையில் முன்வரிசையில் ஓடும் நிலையில் இருந்தவை பத்து. இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ‘எல்லாம் பழுதாகி நின்றன’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த நாளைப் பற்றிக் குடேரியன் அனுப்பிய அறிக்கை அதைவிட நுணுக்கமானது: முற்றிலும் இழந்தவை 25, பட்டறையில் செப்பனிடக் காத்திருந்தவை 100, அந்த நூறில் 56 கண்ணிவெடியாலும் குண்டடியாலும் நின்றவை, 44 இயந்திரக் கோளாறால் நின்றவை. ஆக, பேந்தரின் குர்ஸ்க் தோல்வியில் எஞ்சினைவிடக் கண்ணிவெடி வயலுக்கே பங்கு அதிகம். ஒன்றுசேர்ந்து போதிய பயிற்சி எடுக்காத பட்டாலியன்களை, தளும்பத் தளும்பக் கண்ணி புதைத்த நிலத்துக்குள் ஓட்டியவர்களை டாங்கியின் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் பேந்தருக்கு உண்மையான ஒரு நோய் இருந்தது. அது எஞ்சினில் இல்லை. வண்டியின் மூக்கில், இடமும் வலமுமாக, இறுதிக் கியர்ப்பெட்டி என்று ஒன்று இருக்கும். நடுவில் உள்ள கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை வேகம் குறைத்து, வலு கூட்டி, சங்கிலியை இழுக்கும் பல்சக்கரத்துக்குக் கொடுப்பது அதன் வேலை. வண்டியின் முழு எடையும் திருப்பத்தின் முழு இழுப்பும் கடைசியில் அந்தச் சில பற்களின் மேல்தான் வந்து உட்காரும். சுற்றுக்கோள் முறைப் பல்சக்கரங்கள் பல பற்களுக்கு அந்தச் சுமையைப் பகிர்ந்து கொடுத்திருக்கும். அவற்றின் உட்பற்களை வெட்டும் இயந்திரங்கள் ஜெர்மனியில் போதுமான அளவு இல்லாததால், நேர்ப்பற்கள் கொண்ட எளிய சக்கரங்களைப் பொருத்தினார்கள். 35 டன் வண்டிக்கென்று கணக்கிட்ட அமைப்பு அது. நடுவில் முன்கவசத்தைத் தடிப்பாக்கச் சொல்லி ஹிட்லர் உத்தரவிட, வண்டி 45 டன்னில் வந்து நின்றது. பற்களோ அப்படியே இருந்தன. நல்ல உலோகக் கலப்புக்குத் தேவையான தாதுக்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன.

போருக்குப் பின், கைப்பற்றிய பேந்தர்களைச் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு இராணுவம் 1947இல் எழுதிய அறிக்கையில் இந்த இறுதிக் கியரின் சராசரி ஆயுள் 150 கி.மீ. என்று குறித்தது. எஞ்சின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாக்குப்பிடிக்கும். எஞ்சினின் ஆயுளுக்குள் இந்தக் கியரை ஆறேழு முறை மாற்ற வேண்டும் என்று பொருள். முன்னாலுள்ள கியர்பாக்ஸையே எடுக்க வேண்டுமென்றால் கதை இன்னும் நீளம். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள கூரைத்தகட்டைக் கழற்றி, இருக்கைகளையும் வானொலியையும் வெளியே எடுத்து, பாரந்தூக்கியைக் கொண்டுவந்து, அந்தப் பெருங்கட்டியை மேல்நோக்கி உருவ வேண்டும். பின்வாங்கிக்கொண்டிருக்கும் படைக்கு இதற்கு எங்கே நேரம்? அரைநாள் வேலையில் சரியாகக்கூடிய பேந்தர்கள், இழுத்துச்செல்ல வண்டி இல்லாததால் சொந்தக் குழுவினராலேயே வெடிவைத்து அழிக்கப்பட்டன.

அதே பிரெஞ்சு அறிக்கையில் இன்னொரு குறிப்பு இருக்கிறது. அது கியரைவிட எனக்குச் சுவையானதாகப் படுகிறது. பேந்தரின் கன்னருக்கு வெளியே பார்க்க இருந்த ஒரே வழி, பீரங்கியோடு சேர்ந்த குறிபார்க்கும் தொலைநோக்கி. தொலைவில் இருப்பதை அது மிகத் தெளிவாகக் காட்டும், சுற்றுப்புறத்தைக் காட்டாது. தலைவர் எதிரியைக் கண்டு திசையைச் சொன்ன பிறகும், கன்னர் அதைத் தன் கண்ணாடிக்குள் தேடிப்பிடிக்க 20 முதல் 30 விநாடி ஆனது என்று அறிக்கை சொல்கிறது. அமெரிக்க ஷெர்மனின் கன்னருக்கு அகலமாகப் பார்க்கும் பெரிஸ்கோப் தனியாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் வெட்டவெளியில் இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. வேலியும் மூடுபனியும் நிறைந்த நாட்டுப்புறத்தில், திடீரென எதிர்ப்படும் இடத்தில், முதலில் சுட்டவர் பெரும்பாலும் பிழைப்பார். 1944 செப்டம்பரில் லொரேன் பகுதியில் அராகூர் அருகே, புத்தம்புதிய பேந்தர்களோடு வந்த ஜெர்மன் பான்ஸர் பிரிகேடுகளை அமெரிக்க 4வது கவச டிவிஷனின் ஷெர்மன்களும் டாங்கி எதிர்ப்பு வண்டிகளும் காலை மூடுபனியில் மிக அருகிலிருந்து அடித்து நொறுக்கின. அந்த பிரிகேடுகளில் இருந்தவர்கள் சில வாரங்களுக்கு முன்புதான் சேர்க்கப்பட்டவர்கள்; வேவுபார்க்கும் பிரிவு ஒழுங்காக இல்லை. பீரங்கியின் துளைக்கும் திறன் அன்றைக்கு யாருக்கும் பயன்படவில்லை.

டைகரைப் பற்றி முதலில் ஒரு தவறைத் திருத்த வேண்டும். அது டி-34ஐப் பார்த்துச் செய்யப்பட்டதன்று. எதிரியின் அரண்வரிசையை உடைக்கும் கனரக வண்டிக்கான முயற்சி 1930களிலேயே ஹென்ஷெல் நிறுவனத்தில் தொடங்கிவிட்டது. அதனால்தான் டைகரின் தகடுகள் பெட்டி போல நிமிர்ந்து நிற்கின்றன, 100 மி.மீ. முகம், 80 மி.மீ. பக்கவாட்டு. பேந்தரைப் போலன்றி இது எல்லாப் பக்கமும் பாதுகாப்பான வண்டி. கவசம் சரிவாக இல்லாத குறையை ஓட்டுநரே ஈடுகட்ட வேண்டும் என்று குழுவினருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டும் கேலிப்படமுமாக அச்சிட்ட அவர்களுடைய கையேட்டில், கடிகார முகத்தை வைத்து இதை விளக்கியிருக்கிறார்கள்: எதிரி பத்தரை மணித் திசையிலோ ஒன்றரை மணித் திசையிலோ இருக்குமாறு வண்டியைச் சற்றுக் கோணலாக நிறுத்தினால், நேர்த்தகடும் சரிவுத்தகடு போல வேலைசெய்யும். காலைச் சிற்றுண்டி, மதிய உணவு என்று சாப்பாட்டு நேரங்களை வைத்தே அந்தக் கோணங்களைப் பையன்கள் மனப்பாடம் செய்தார்கள்.

ஓட்டுவதற்கு டைகர் வியக்கத்தக்க வகையில் எளிது. காரைப் போல ஸ்டியரிங் வட்டம், முன்கூட்டியே கியரைத் தேர்ந்துவிடும் கியர்பாக்ஸ், விரல் நுனியில் திரும்பும் 57 டன். அதைச் செப்பனிடுவதுதான் நரகம். கியர்பாக்ஸை எடுக்க முதலில் சுழல்கோபுரத்தையே தூக்கி இறக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து அடுக்கிய சக்கரங்கள் எடையைப் பரப்பி, சவாரியைச் சொகுசாக்கின. ஆனால் உள்வரிசைச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்றித்தான் அதைத் தொட முடியும். ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறு உறைந்து வண்டியையே பூட்டிவிடும். ரயிலில் ஏற்றுவதென்றால் 725 மி.மீ. அகலச் சங்கிலியைக் கழற்றி, வெளிச்சக்கரங்களையும் அகற்றி, 520 மி.மீ. குறுஞ்சங்கிலியை மாட்ட வேண்டும்; இறங்கிய இடத்தில் மறுபடி எல்லாவற்றையும் திருப்பிச் செய்ய வேண்டும். நின்றுபோன ஒரு டைகரை இழுக்க 18 டன் இழுவை வண்டிகள் மூன்று வரை தேவைப்பட்டன.

இதெல்லாம் தெரிந்துதான் டைகர்களைத் தனி பட்டாலியன்களில், ஒன்றுக்கு 45 என்று, சொந்தப் பட்டறையோடு வைத்தார்கள். ஓரிடத்தில் அரணை உடைக்க, அல்லது உடைந்த முன்னணியை அடைக்க, கொஞ்ச நாளைக்கு மட்டும் கொண்டுவந்து பயன்படுத்த வேண்டிய கருவி அது. முதல் அரங்கேற்றமே அந்த விதியை மீறியது: 1942 ஆகஸ்ட் இறுதியில் லெனின்கிராடுக்கு அருகே ம்கா பகுதியின் சதுப்புநிலத்தில் நான்கே நான்கு டைகர்களை இறக்கினார்கள், எதிரி அடிப்பதற்கு முன்பே கியர் கோளாறுகள் வந்துவிட்டன. பிற்பாடு, திறமையான குழுவினரின் கையில், திறந்த வெளியில், டைகர் செய்த சேதம் பெரிதுதான். அதில் பாதி டாங்கியினுடையது, மீதி ஆள்களுடையது. 1944 ஜூன் 13 அன்று பிரான்சின் வில்லர்-பொகாஜில் மிகைல் விட்மன் என்ற டைகர் தலைவர் ஒரு பிரிட்டிஷ் அணிவரிசையைச் சிதறடித்ததை ஜெர்மன் பிரச்சாரம் உலகறியச் செய்தது. எட்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, அதே விட்மன் பகல் வெளிச்சத்தில் திறந்த வயல் வழியாக முன்னேறியபோது தன் டைகரோடு அழிந்தார். முதல் கதையைச் சொல்பவர்கள் இரண்டாவதை ஏனோ அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

டைகருக்கு அடுத்து வந்த கிங் டைகருக்கு அதிக இடம் ஒதுக்க வேண்டியதில்லை. பேந்தரில் இருந்த அதே 700 குதிரைத்திறன் மேபாக் எஞ்சினை 68 டன்னுக்குமேல் எடையுள்ள உடலுக்குள் வைத்தார்கள். அதன் முன்கவசம் போர்க்களத்தில் துளைக்கப்பட்டதற்கு நம்பத்தகுந்த சான்று அரிது என்பது உண்மையே. துளைக்க வேண்டிய தேவையும் எதிரிக்குப் பெரிதாக ஏற்படவில்லை. 1944 டிசம்பரில் ஆர்டென் மலைக்காட்டுத் தாக்குதலில், மால்மெடி அருகே அமெரிக்கக் கைதிகளைச் சுட்டுக் கொன்ற பைப்பர் தலைமையிலான எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவு) படையணி, கிங் டைகர்களை வரிசையின் வாலில்தான் வைத்திருந்தது. வளைந்த மலைச்சாலைக்கும் சிறு பாலங்களுக்கும் அவை ஒத்துவரா என்று அவர்களுக்கே தெரியும். எரிபொருள் தீர்ந்ததும் லா கிளேஸ் என்ற பெல்ஜிய ஊரில் வண்டிகளை விட்டுவிட்டு, சுமார் 800 பேர் பனியில் நடந்து தப்பினார்கள். விட்டுப்போன கிங் டைகர்களில் 213 என்ற எண்ணுடைய ஒன்று, அந்த ஊரில் இன்றும் நிற்கிறது.

இந்தப் பெயர்களுக்கிடையே யாரும் எடுத்துப் பேசாத ஒன்று ஸ்டுக் 3. இலக்கண சுத்தமாகச் சொன்னால் அது டாங்கியே இல்லை. பான்ஸர் 3இன் உடலின் மேல், சுழல்கோபுரம் இல்லாமல், பீரங்கியை முன்புறத்தில் பொருத்திய தாக்குதல் பீரங்கி வண்டி. 1935இல் ஜெர்மன் இராணுவ அதிகாரி மான்ஸ்டைன் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது. அதில் இருந்தவர்கள் டாங்கிப் படையினரல்லர், பீரங்கிப் படையினர். தூரத்தைக் கணித்துச் சுடும் பயிற்சி அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது. பான்ஸர் 3இன் கோபுரத்தில் அடங்காத நீண்ட 75 மி.மீ. பீரங்கி, கோபுரத்தை எடுத்துவிட்டால் அதே உடலில் அடங்கியது. உயரம் 2.16 மீட்டர்தான், டைகரும் பேந்தரும் மூன்று மீட்டர். இடுப்பளவுப் புதரும் சிறு மேடும் போதும், வண்டி மறைந்துவிடும். குறை வெளிப்படையானது: பக்கவாட்டில் வரும் எதிரியைச் சுட வண்டியையே திருப்ப வேண்டும். ஓடிக்கொண்டே தாக்கும் போருக்கு அது உதவாது. ஆனால் 1943க்குப் பிறகு ஜெர்மனி நடத்தியது அந்தப் போரையன்று. காத்திருந்து சுட்டுவிட்டுப் பின்வாங்கும் போரையே நடத்தியது.

ஜெர்மனியிடமிருந்து 59 ஸ்டுக்குகளை வாங்கிய பின்லாந்தின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘ஸ்டுர்மி’ என்று செல்லப்பெயர் வைத்து, 1944 கோடையில் கரேலியக் காடுகளில் சோவியத் பெருந்தாக்குதலுக்கு எதிரே அவற்றைப் பயன்படுத்தினார்கள். முதல் தவணையில் வந்த வண்டிகள் மட்டும் 87 சோவியத் டாங்கிகளை அழித்ததாகவும் தாங்கள் இழந்தது எட்டு என்றும் பின்லாந்துக் கணக்கு சொல்கிறது. வென்ற கணக்கை எந்தப் படையும் சற்றுக் கூட்டித்தான் எழுதும். பாதியாகக் குறைத்தாலும் மோசமில்லை. இதே வழியில் செக் டாங்கி உடலின்மேல் எழுப்பிய ஹெட்ஸர் என்ற வண்டி மலிவாகவும் சிறியதாகவும் வந்தது. அதற்குள் உட்காரத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. வலப்புறம் நின்று குண்டு நிரப்புவதற்கென்று செய்த பீரங்கியை வண்டியின் வலச்சுவரையொட்டி வைத்துவிட்டார்கள். நிரப்புபவரோ இடப்புறத்தில் உட்கார்ந்து, பீரங்கியின் மேலாக எட்டி எட்டி வேலைசெய்தார்.

விலையையும் பார்த்துவிடலாம். ஜெர்மன் பதிவேடுகளின்படி ஒரு ஸ்டுக் 3க்குச் சுமார் 82,500 ரைஷ்மார்க், பான்ஸர் 4க்குச் சுமார் 1,03,000, பேந்தருக்குச் சுமார் 1,17,000, டைகருக்கு இரண்டரை லட்சம். பீரங்கியும் வானொலியும் சேர்ந்ததா இல்லையா என்பதில் இந்த எண்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆகவே அவற்றைத் தராசில் வைக்காமல் கையில் தூக்கிப் பார்ப்பது போலத்தான் பயன்படுத்த வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பேந்தர் பான்ஸர் 4ஐவிடச் சிறிதே கூடுதல் விலையுள்ளது என்பதும், ஒரு டைகருக்கு மூன்று ஸ்டுக் வரும் என்பதும் தெரிகின்றன. இதிலிருந்து ‘டைகரை விட்டுவிட்டு மலிவான வண்டிகளையே செய்திருந்தால்’ என்ற வாதம் எழும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சோவியத் ஒன்றியம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டி-34களையும், அமெரிக்கா ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஷெர்மன்களையும் செய்த போரில், எண்ணிக்கைப் பந்தயம் ஜெர்மனிக்கு முதலிலிருந்தே தோற்ற பந்தயம். மூன்று ஸ்டுக்குக்கு மூன்று குழு வேண்டும், மூன்றுக்கும் எரிபொருள் வேண்டும். 1944 மேயிலிருந்து செயற்கை எரிபொருள் ஆலைகள் குண்டுவீச்சுக்கு ஆளாயின. ஆகஸ்டில் ருமேனியா பக்கம் மாறியதும் எண்ணெய்க் கிணறுகளும் போயின. புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சியில் ஓட்டக் கொடுக்கவே எரிபொருள் இல்லை. பேந்தரின் மென்மையான கியர் அப்படிப்பட்ட ஓட்டுநரின் கையில் 150 கிலோமீட்டர்கூடப் போகாது. ஒரு கோளாறு இன்னொரு கோளாறை வளர்த்தது.

உதிரிப் பாகங்களின் விஷயத்தில்தான் எந்த மன்னிப்பும் கிடையாது. மாத இறுதியில் மேலிடத்துக்குக் காட்ட முழு டாங்கிகளின் எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, எஞ்சின்களும் கியர்களும் உதிரியாகப் போகாமல் புது வண்டிகளுக்கே போயின. களத்தில் ஒரு பல்சக்கரத்துக்காகப் பேந்தர்கள் காத்துக்கிடக்க, பெர்லினில் தயாரிப்பு வரைபடம் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களில் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவரும் போர்க்கைதிகளும் பலர் என்பதையும் அந்த வரைபடம் காட்டாது.

என்னைக் கேட்டால், 1943இல் ஒரு நேர்க்குநேர் சண்டைக்கு டைகரையும், அதே சண்டை முன்னாலிருந்து மட்டும் நடக்கும் என்றால் பேந்தரையும் தேர்ந்தெடுப்பேன். ஒரு மாதப் பின்வாங்கலுக்கு ஸ்டுக்கையும், ஐந்தாண்டுப் போருக்குப் பான்ஸர் 4ஐயும் தேர்ந்தெடுப்பேன். பேந்தர்தான் எல்லாவற்றிலும் நேர்த்தியான வடிவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கியர் மட்டும் எஞ்சினுக்கு இணையாக நீடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிரெஞ்சுக்காரர்கள் பேந்தரைச் சில ஆண்டுகளில் ஓரங்கட்டிவிட்டார்கள். பழைய பான்ஸர் 4களோ பல நாடுகளிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு சிரியாவுக்குப் போய்ச் சேர்ந்து, கோலான் குன்றுகளில் இருபதாண்டுக்குப் பின்னும் சுட்டுக்கொண்டிருந்தன. 1964 நவம்பரில் நுகெய்லா என்ற எல்லைப்புறத்தில் இரண்டு சிரியப் பான்ஸர் 4களை நோக்கி இஸ்ரேலின் புதிய செஞ்சூரியன் டாங்கிகள் நெடுநேரம் சுட்டும் அவற்றை அழிக்க முடியவில்லை. இஸ்ரேலின் கவசப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த தளபதி இஸ்ரேல் டால், செஞ்சூரியன்களைக் குறைசொல்லவில்லை. கன்னர்களை அழைத்து, தொலைதூரத்துக்குக் குறிபார்க்கும் பயிற்சியை அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்.